தோள்பட்டைத் தசைநாண் வலி: எந்தப் பயிற்சி, எப்போது, எவ்வளவு நாள்?

போன வருடம் ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம். கரும்பலகையின் மேல் வரியில் தேதி எழுதக் கையைத் தூக்கினேன். வலது தோளின் வெளிப்பக்கம் சுரீரென்று இழுத்தது. சாக்பீஸ் கீழே விழுந்தது. ஒரு மாணவியைக் கூப்பிட்டு எழுதச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

ஜனவரி வரை இழுத்தது. இரண்டு டாக்டர்கள், ஒரு எம்.ஆர்.ஐ, பத்து நாள் கரண்ட் சிகிச்சை, ஒரு ஊசி, செல்போனில் பார்த்துப் பார்த்துச் செய்த பதினைந்து இருபது விதமான பயிற்சிகள். முறையாகத் தொடங்கியது பிப்ரவரியில். மே கடைசியில் ரவிக்கையின் பின்கொக்கியை மறுபடி நானே மாட்டிக்கொண்டேன். அந்த எட்டு மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் கணக்கு டீச்சர், மருத்துவம் படித்தவள் இல்லை. கீழே உள்ளதை வைத்துக்கொண்டு டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் சரியான கேள்விகளைக் கேளுங்கள்.

1. உங்களுக்கு இருப்பது இந்த வலிதானா?

தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகள் உண்டு. அவற்றின் நுனிகள் எலும்பில் வந்து ஒட்டும் கயிறு போன்ற பகுதிதான் தசைநாண். ஊரில் பொதுவாக 'ஜவ்வு' என்போம். நான்கும் சேர்ந்ததை 'ரொட்டேட்டர் கஃப்' என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். அது தாங்கக்கூடிய அளவைவிட அதிக வேலை திடீரென்று விழும்போதோ, வருடக்கணக்கில் ஒரே வேலை விழும்போதோ வலிக்கத் தொடங்குகிறது.

வலி பெரும்பாலும் தோளின் வெளிப்பக்கமும் மேற்கையிலும் இருக்கும். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி வழியில் பிடிக்கும். பின்னல் போடுவது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பது, பரணில் இருந்து பாத்திரம் எடுப்பது எல்லாம் கஷ்டம். அந்தப் பக்கமாகப் படுக்க முடியாது.

வீட்டிலேயே ஒன்றைப் பாருங்கள். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கைகளை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள், கதவின் இரண்டு பாதிகளைத் திறப்பதுபோல. வலிக்கும் பக்கம் பாதியில் நின்றுவிட்டு, இன்னொருவர் மெதுவாகத் திருப்பிவிட்டாலும் நகரவில்லை என்றால் அது 'ஃப்ரோசன் ஷோல்டர்' ஆக இருக்கலாம். அதற்கு வழி வேறு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும். வலி முழங்கைக்குக் கீழே இறங்கி விரல் மரத்துப்போனால் கழுத்தையும் பார்க்க வேண்டும்.

சில நிலைகளில் பயிற்சியைப் பற்றி யோசிக்கவே கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீழே விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாமல் போவது ஒன்று. காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்குவது இன்னொன்று. காரணமில்லாமல் உடம்பு இளைப்பதோடு இரவு முழுக்க விடாத வலி, தோளில் புதிதாக ஒரு கட்டி, இவையும்தான். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ மூச்சுத் திணறலோ வந்தால் அது இதயமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

2. ஃபைலைத் தயார் செய்யுங்கள், ஸ்கேனுக்கு ஓடாதீர்கள்

முதல் தடவை டாக்டரிடம் வெறுங்கையோடு போனேன். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார், தெரியவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், பெயர் ஞாபகமில்லை. திரும்ப ஒரு நாள், திரும்ப 500 ரூபாய்.

ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இவற்றை வையுங்கள்: கடைசி மூன்று மாதத்துக்குள் எடுத்த சர்க்கரை ரிப்போர்ட் (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி இருந்தால் நல்லது), தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், பழைய எக்ஸ்ரே ஃபிலிம், டாக்டர் எழுதிய சீட்டுகள் எல்லாம் தேதி வாரியாக. கூடவே ஒரு தாளில் வலி எப்போது தொடங்கியது, எந்த அசைவில் வருகிறது, இரவில் எத்தனை முறை எழுப்புகிறது என்று நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் உங்களுக்கு ஒதுக்கும் ஐந்து நிமிடத்தில் அந்த நான்கு வரிதான் பேசும்.

வேலையில் இருப்பவர்கள் லீவுக்கான மருத்துவச் சான்றிதழை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். திரும்பச் சேரும்போது தகுதிச் சான்றிதழ் தனியாகக் கேட்பார்கள். பின்தேதியிட்டு வாங்க அலைந்தவர்களை எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே பார்த்திருக்கிறேன்.

காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியை எடுத்து 'ஓ.பி.டி' என்ற பகுதியைப் படியுங்கள். பெரும்பாலான பாலிசிகளில், படுக்கையில் சேராமல் வந்து போகும் பிசியோதெரபிக்குப் பணம் கிடைக்காது. கிடைக்கும் பாலிசியாக இருந்தால் டாக்டர் எழுத்தில் கொடுத்த பரிந்துரை, ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தேதி போட்ட ரசீது இரண்டும் வேண்டும்.

இனி ஸ்கேன். விழுந்து அடிபடாத சாதாரண வலிக்கு முதலில் ஒரு எக்ஸ்ரே போதும். தசைநாணில் சுண்ணாம்பு படிந்திருந்தாலும் மூட்டுத் தேய்மானம் இருந்தாலும் அதில் தெரியும். நான் அவசரப்பட்டு 6,500 ரூபாய்க்கு எம்.ஆர்.ஐ எடுத்தேன். 'பகுதிக் கிழிசல்' என்று வந்தது. அந்த ஒரு சொல் என்னை இரண்டு மாதம் கையையே தூக்காமல் பயமுறுத்தி வைத்தது. பின்னால்தான் தெரிந்தது: 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் தோள்வலியே இல்லாத, 40 முதல் 70 வயது வரையுள்ள 51 ஆண்களுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 96 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு குறை தெரிந்திருக்கிறது. நரைமுடி போல வயதோடு வருபவையும் அதில் உண்டு. ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்று இருப்பதாலேயே கை முடிந்தது என்று அர்த்தமில்லை.

3. பிசியோதெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியது

பி.பி.டி அல்லது எம்.பி.டி (பிசியோதெரபியில் இளங்கலை, முதுகலைப் பட்டங்கள்) படித்தவரா என்று பாருங்கள். அதைவிட முக்கியமான கேள்வி: "எனக்கு என்ன பயிற்சி தருவீர்கள், எப்படிக் கூட்டிக்கொண்டு போவீர்கள்?"

நான் முதலில் போன இடத்தில் பத்து சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னார்கள். ஒரு சிட்டிங் 350. தினமும் இருபது நிமிடம் தோளில் கரண்ட் வைத்தார்கள், ஐந்து நிமிடம் ஜெல் தடவித் தேய்த்தார்கள். அங்கே இருக்கும்வரை சுகமாக இருக்கும். வீட்டுக்கு வந்து சப்பாத்தி தேய்த்தால் வலி அப்படியே. பத்து நாளில் ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை. மெஷினால் தசைநாணுக்குப் பலம் வராது. மெஷின் மட்டும் வைத்து அனுப்பினால் இரண்டாவது நாளே வேறு இடம் பாருங்கள். மொத்தப் பணம் முன்கூட்டிக் கட்டாதீர்கள்.

இரண்டாவதாகப் பார்த்தவர் இளம்பெண். முதல் நாளே கையைத் தூக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"டீச்சர், இந்த வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"ஆறு."

அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கால்வாசி நிரப்பிக் கையில் கொடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டவைத்துத் திருப்பச் சொன்னார். "இப்ப?"

"மூணு."

"அப்ப இங்கருந்து ஆரம்பிப்போம்மா."

எட்டு மாதத்தில் முதல் தடவையாக, எங்கே தொடங்குவது என்று ஒருவர் காட்டினார். வாரா வாரம் வரச் சொல்லவில்லை. பன்னிரண்டு வாரத்தில் ஐந்தே தடவைதான் போனேன்.

எண்ணெய் போட்டு மெதுவாக நீவிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் சுளுக்கு எடுப்பதாகச் சொல்லிக் கையை வெடுக்கென்று இழுப்பவர்களிடம் தோளைக் கொடுக்காதீர்கள்.

4. பயிற்சி வகைகள்: எது எதற்கு?

இதில்தான் நான் அதிகம் குழம்பினேன். ஒரு வீடியோவில் செய்யச் சொல்வதை இன்னொன்றில் செய்யவே கூடாது என்பார்கள். உண்மையில் அவை வெவ்வேறு கட்டத்துக்கு உரியவை.

*அசையாமல் அழுத்துவது.* வலி கடுமையாக இருக்கும்போது இதுதான் கைகொடுத்தது. கதவு நிலை ஓரமாக நில்லுங்கள். முழங்கையை மடக்கி விலாவோடு வைத்து, இடையில் ஒரு துண்டை மடித்துச் சொருகுங்கள். மணிக்கட்டின் பின்பக்கத்தை நிலையில் வைத்து வெளியே தள்ளுங்கள்; கை நகராது. முழுப் பலத்தில் பாதி போதும். 30 முதல் 45 வினாடி, இடையில் ஒரு நிமிட ஓய்வு, ஐந்து தடவை, காலையும் மாலையும். செலவு ஒன்றுமில்லை, பள்ளி வராந்தாத் தூணிலும் செய்யலாம். மூச்சை அடக்காதீர்கள், முக்கியமாக ரத்த அழுத்தம் உள்ளவர்கள். வாய்விட்டு எண்ணினால் மூச்சு அடைபடாது. இதில் கிடைக்கும் நிம்மதி சிலருக்கு ஒரு மணி நேரம்கூட நிற்காது, சிலருக்குக் கிடைப்பதே இல்லை. இதிலேயே தங்கிவிட்டால் பலம் கூடாது.

*மெதுவாக இறக்குவது.* வலிக்கும் கையில் பாட்டிலைப் பிடித்து, நல்ல கையால் அதைத் தோள் உயரம்வரை தூக்கிவிடுங்கள். கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும். கை நேர்ப் பக்கவாட்டில் இல்லாமல் சற்று முன்னால் இருக்கட்டும். நல்ல கையை எடுத்துவிட்டு ஐந்து எண்ணிக்கொண்டே இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று. தூக்குவதைவிட இறக்கும்போது தசை அதிக எடையைத் தாங்கும் என்பதுதான் இதன் அடிப்படை. முதல் வாரம் தசை வலி கூடும், தயாராக இருங்கள். ஸ்வீடனில் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷனுக்காகக் காத்திருந்த 97 பேரில் ஒரு பாதிக்கு இந்த வகைப் பயிற்சியையும் முதுகின் மேற்பகுதியில் இருக்கும் பட்டை எலும்புக்கான பயிற்சியையும் எடை கூட்டிக் கூட்டிக் கொடுத்தார்கள். மறுபாதிக்கு எடையில்லாத பொதுவான கழுத்து, தோள் அசைவுகள். மூன்று மாதம் கழித்து, முதல் குழுவில் 20 சதவீதம் பேர்தான் ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். இரண்டாவது குழுவில் 63 சதவீதம்.

*எடையோடு நிதானமாக ஏற்றி இறக்குவது.* நான் அதிக நாள் செய்தது இதைத்தான். ஒருக்களித்து, நல்ல பக்கம் கீழே இருக்கும்படி படுங்கள். மேலே இருக்கும் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் மடித்த துண்டு. பாட்டில் வயிற்றருகே இருக்க வேண்டும். மூன்று எண்ணி முன்கையை மேலே திருப்புங்கள், நான்கு எண்ணி இறக்குங்கள். துண்டு விழுந்தால் உடம்பு ஏமாற்றுகிறது என்று பொருள், எடையைக் குறையுங்கள். இதோடு ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, துடுப்புப் போடுவதுபோல் பின்னால் இழுப்பது. எட்டிலிருந்து பதினைந்து தடவை, மூன்று சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், தினமும் வேண்டாம்.

எடை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று சில ஜிம்களில் சொல்கிறார்கள். 2017-ல் டென்மார்க்கில் 100 பேரிடம் அதிக எடையையும் குறைந்த எடையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பெரிய வித்தியாசமில்லை. உங்கள் கைக்கு ஏற்ற எடையில் தொடங்குவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. நான் 125 கிராம் தண்ணீரில் தொடங்கினேன்.

*பட்டை எலும்புக்கானது.* முதுகின் மேற்பகுதியில் இருக்கும் முக்கோண எலும்புதான் கை தூக்கும்போது அடித்தளம். சுவரில் கை ஊன்றித் தள்ளும் தண்டால், கடைசியில் முதுகைச் சற்றுக் கூடுதலாக வெளியே தள்ளுவது. மேலே சொன்ன துடுப்பு அசைவு. தனியாக இதை மட்டும் செய்வதில் பயனில்லை, துணையாகச் சேருங்கள்.

*இழுத்து நீட்டுவது.* இறுக்கம் இருப்பவர்களுக்கு நல்லது. ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது கையை மார்புக்குக் குறுக்கே இழுப்பதும், முதுகுக்குப் பின்னால் துண்டு பிடித்து மேலே இழுப்பதும் தசைநாணை எலும்போடு சேர்த்து நசுக்கும். நான் செய்த பெரிய தவறு இதுதான். வலித்தால்தான் சரியாகும் என்று நினைத்து மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். இரவுத் தூக்கம் போனது அப்போதுதான்.

*ஊசலாட்டம், கப்பிக் கயிறு.* குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, கதவின் மேல் கயிறு மாட்டி இழுப்பது. கை விறைப்பாக இருக்கும் காலையில் இரண்டு நிமிடம் செய்தால் இளகும். தசைநாண் வலுவாகாது.

யோகா செய்பவர்கள் சூரிய நமஸ்காரத்தில் கைகளில் உடல் எடை விழும் நிலைகளை ஆறு வாரம் தவிருங்கள். ஜிம் போகிறவர்கள் கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் இறக்குவதையும், மோவாய்வரை நேராக மேலே இழுப்பதையும் விட்டுவிடுங்கள்.

எது சிறந்தது என்று கேட்டால், இங்கிலாந்தில் 708 பேரை வைத்துச் செய்து 2021-ல் வெளியிட்ட ஆய்வைத்தான் சொல்வேன். ஒரு குழுவுக்குப் பிசியோவிடம் ஆறு அமர்வுவரை. மற்ற குழுவுக்கு ஒரே ஓர் அமர்வில் நன்றாகச் சொல்லிக்கொடுத்து, வீட்டில் செய்யச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே நிலை. முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டில் விடாமல் செய்தால் அதுவே போதும் என்று நான் புரிந்துகொண்டேன். நான் எட்டு மாதம் தவறியது வகையில் இல்லை. பத்து நாளுக்கு ஒரு வகை மாற்றிக்கொண்டே இருந்ததில்தான்.

5. எந்த வாரத்தில் என்ன

வாரம் 1, 2: அசையாமல் அழுத்துவது தினம் இருவேளை. காலையில் ஊசலாட்டம். அவ்வளவுதான். உற்சாகத்தில் கூட்டாதீர்கள்.

வாரம் 3 முதல் 6 வரை: ஒருக்களித்துப் படுத்துத் திருப்புவது, மெதுவாக இறக்குவது, துடுப்பு அசைவு. மூன்றே மூன்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள், இருபத்தைந்து நிமிடம்.

வாரம் 7 முதல் 12 வரை: அதே மூன்று, எடை கூட்டி. சுவர்த் தண்டாலைச் சேருங்கள். கடைசி மூன்று வாரத்தில் உங்கள் வேலைக்குத் தேவையான அசைவையே பயிற்சியாக்குங்கள். நான் வீட்டுச் சுவரில் கையில் அரைக் கிலோ பாட்டிலோடு தலைக்கு மேல் எழுதுவதுபோல் பழகினேன்.

எப்போது எடை கூட்டுவது? மூன்று சுற்றும் பதினைந்து தடவை முடித்தபின், இன்னும் இரண்டு செய்யலாம் என்று தோன்ற வேண்டும். மறுநாள் காலை வலி கூடியிருக்கக் கூடாது. அடுத்தடுத்து இரண்டு முறை இப்படி இருந்தால் நூறு கிராம் தண்ணீர் கூட்டுங்கள். டம்பெல் வாங்கினால் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குத் தாவ வேண்டியிருக்கும், அது இரட்டிப்பு. பாட்டிலில் அந்தச் சிக்கலே இல்லை.

ரப்பர் பட்டையில் ஒரு பொறி உண்டு. தெரபேண்ட் என்ற கம்பெனியின் பட்டையில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று பலம் கூடிக்கொண்டே போகும். மற்ற கம்பெனிகளில் நிறவரிசை மாறும். பழைய பட்டை அறுந்து வேறு கம்பெனியில் அதே சிவப்பை வாங்கியபோது பலம் அதிகமாகி ஒரு வாரம் பின்னால் போனேன். நிறத்தை நம்பாமல் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். கட்டும் இடத்தில் கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள், அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

காய்ச்சல், கல்யாணம், பரீட்சை என்று ஒரு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்துக்கு முந்தின எடையில் தொடங்குங்கள்.

6. வலிக்கு மார்க் போடும் நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, பயிற்சி, எடை, எத்தனை தடவை, செய்யும்போது வலி எத்தனை, மறுநாள் காலை எத்தனை. ஆறு கட்டம்.

செய்யும்போது இரண்டு மார்க் வரை தாராளமாகச் செய்யுங்கள். மூன்றிலிருந்து ஐந்து வரை பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால். ஐந்தைத் தாண்டினாலோ, மறுநாளும் தங்கினாலோ அடுத்த முறை எடையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். வலியே இல்லாமல் செய்ய வேண்டும் என்று காத்திருந்தால் தொடங்கவே முடியாது. எட்டு மார்க் வலியில் வீரமாகச் செய்தாலும் கெடும்.

பிசியோவிடம் 'ஸ்பாடி' என்ற கேள்வித்தாளைக் கேளுங்கள். தோள்வலிக்கான பதின்மூன்று கேள்விகள், நூற்றுக்கு மதிப்பெண், குறையக் குறைய நல்லது. தமிழ் வடிவமும் உண்டு, 2012-ல் அதைச் சரிபார்த்து வெளியிட்டிருக்கிறார்கள். தலைக்குக் குளிப்பது, மேல் தட்டில் பொருள் வைப்பது, பின் பாக்கெட்டிலிருந்து எடுப்பது என்று கேள்விகள் எல்லாம் நம் தினசரி வேலைதான். முதல் நாள், ஆறாம் வாரம், பன்னிரண்டாம் வாரம் நிரப்புங்கள். எனக்கு 64, 47, 22. ஆறாம் வாரத்தில் ஒன்றும் மாறவில்லை என்று அழுகை வந்தது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் தொடர்ந்தேன்.

7. மீதி இருபத்து மூன்றரை மணி நேரம்

பயிற்சி அரை மணி நேரம்தான். மற்ற நேரத்தில் தோள் பார்க்கும் வேலையும் கணக்கில் சேரும். அன்றைக்கு ஒட்டடை அடித்திருந்தால் அது ஒரு சுற்றுப் பயிற்சி; மாலையில் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான் கரும்பலகையின் மேல் பாதியை மூன்று மாதம் விட்டுவிட்டேன். பலகைக்கு நெருங்கி நின்று, முழங்கை உடம்போடு இருக்க எழுதினேன். துணிக்கொடியை நெஞ்சு உயரத்துக்கு இறக்கினேன். இட்லிப் பானை பரணிலிருந்து அடுப்படித் தரைக்கு வந்தது. பஸ்ஸில் மேல் கம்பிக்குப் பதில் இருக்கையின் பின்கம்பி. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன், தோளில் மாட்டவில்லை.

ஆனாலும் கையைத் தூளியில் கட்டியதுபோல் வைத்திருக்காதீர்கள். வலி தாங்கும் அளவில் சமைக்கவும் துவைக்கவும் செய்ய வேண்டும். ஓய்வே கொடுத்தால் தசை இளைத்து, அடுத்த சின்ன வேலைக்கே வலிக்கும்.

தூக்கத்துக்கு ஒரு வழி. நல்ல பக்கமாகப் படுத்து, வலிக்கும் கையை முன்னால் ஒரு தடித்த தலையணையின் மேல் வையுங்கள், குழந்தையை அணைத்திருப்பதுபோல. மல்லாந்து படுப்பவர்கள் முழங்கைக்குக் கீழே மடித்த போர்வையை வையுங்கள், தோள் பின்னால் சரியாது. அன்றிரவே நான் நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன்.

8. ஊசி, ஆபரேஷன் என்று பேச்சு வந்தால்

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். தூங்கவே முடியாதவர்களுக்குப் பயிற்சி தொடங்க அது உதவும். நீண்ட நாள் பலன் இருக்காது. மேலே சொன்ன 2021 ஆய்விலும் ஒரு வருடத்தில் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு ஐந்து வாரம் சுகமாக இருந்தது. குணமாகிவிட்டது என்று நினைத்துப் பொங்கலுக்குப் பரண் முழுவதையும் இறக்கிச் சுத்தம் செய்தேன், திரும்ப முதலிலிருந்து. ஊசி போட்டால் இரண்டு வாரம் கனமான வேலை வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் அளவு ஏறும், தினமும் பாருங்கள், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

'எலும்பு உரசுகிறது, சுரண்டிவிடலாம்' என்று ஆபரேஷன் சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். இங்கிலாந்திலும் பின்லாந்திலும் நடத்தி 2018-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளில், எலும்பைச் சுரண்டியவர்களையும் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடியவர்களையும் ஒப்பிட்டார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. விழுந்ததில் தசைநாண் முழுதாக அறுந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் தாமதிக்கக் கூடாது, எலும்பு மருத்துவர் சொல்வதைச் சீக்கிரம் கேட்க வேண்டும்.

வலி மாத்திரையைச் சொந்தமாக வாரக்கணக்கில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூன்றும் பாதிக்கும்.

9. என் செலவுக் கணக்கு

இவை எங்கள் ஊர் விலை. உங்கள் ஊரில் மாறும்.

தேவைப்பட்டவை: எலும்பு டாக்டர் 500, எக்ஸ்ரே 450, பிசியோ ஐந்து தடவை தலா 500 வீதம் 2,500, ரப்பர் பட்டை மூன்று 600. மொத்தம் 4,050 ரூபாய், பன்னிரண்டு வாரத்துக்கு.

தவிர்த்திருக்கலாம் என்று நினைப்பவை: எம்.ஆர்.ஐ 6,500, கரண்ட் பத்து நாள் 3,500. மொத்தம் 10,000.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளிச் சீட்டு வாங்கி எலும்புப் பிரிவில் காட்டினால் அங்கே எழுதி அனுப்புவார்கள். காலையில் சீக்கிரம் போக வேண்டும், அரை நாள் ஆகும். பயிற்சி முறையைக் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று தடவை போனால் போதும் என்பதால் பணம் கஷ்டமான வீடுகளுக்கு இதையே சொல்வேன். பிசியோ காட்டும்போது உங்கள் செல்போனில் உங்களையே வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் முழங்கை எங்கே இருந்தது என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

10. பன்னிரண்டு வாரம் முடிந்தபின்

ஆறு வாரத்தில் இரவு வலி குறைய வேண்டும். பன்னிரண்டில் தினசரி வேலைகள் பெரும்பாலும் முடிய வேண்டும். சிலருக்கு ஆறு மாதம்வரை ஆகும். நோட்டில் ஒழுங்காக எழுதிச் செய்தும் பன்னிரண்டு வாரத்தில் எந்த மார்க்கும் அசையவில்லை என்றால் அந்த நோட்டோடு டாக்டரிடம் திரும்பப் போங்கள். அப்போது எடுக்கும் ஸ்கேனுக்கு அர்த்தம் இருக்கும்.

குணமானவர்கள் வாரம் இரண்டு நாள், இரண்டே பயிற்சி: ஒருக்களித்துத் திருப்புவது, துடுப்பு அசைவு. எடையைக் குறைக்காதீர்கள். தீபாவளி, பொங்கல் சுத்தம், வீடு மாற்றுவது, மார்ச் மாத விடைத்தாள் கட்டுகள் என்று தோளுக்குத் திடீரென வேலை கூடும் நாட்கள் உங்களுக்குத் தெரியும். அதற்கு மூன்று வாரம் முன்பே பயிற்சியை மூன்று நாளாக்குங்கள். வலி திரும்பி எட்டிப்பார்த்தால் இரண்டு நாள் கதவு நிலையில் அழுத்திவிட்டு, எடையைப் பாதியாக்கித் தொடருங்கள். எனக்கு ஆகஸ்டில் ஒரு தடவை வந்தது, ஒன்பது நாளில் போய்விட்டது.